சிறு துப்பாக்கியின் பெருங்கணக்கு

உங்கள் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா? இருந்தால், முகாமுக்குச் சென்று வந்த மாணவர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். முதன்முதலாகச் சுட்ட நாளை அவர் மறந்திருக்கமாட்டார். ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவில் காகித இலக்கு. தரையில் குப்புறப் படுத்த நிலை. கையில் 'பாயிண்ட் டூ டூ' என்று எல்லோரும் அழைக்கும் ரைபிள். துப்பாக்கி தோளை உதைக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு டிரிக்கரை இழுத்தால், 'டப்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான்! தோளில் யாரோ விரலால் தட்டியது போன்ற ஓர் உணர்வு.

"இவ்வளவுதானா? இது விளையாட்டுத் துப்பாக்கி போல இருக்கிறதே!" என்று அந்த மாணவர் நினைத்திருக்கக்கூடும். அப்படி நினைப்பது இயற்கை. ஆனால் அது ஆபத்தான தவறு. தோள் சொல்லும் செய்தி ஏன் நம்மை ஏமாற்றுகிறது? இதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. உந்தம், இயக்க ஆற்றல் என்ற இரண்டு சொற்களையும் கையில் எடுத்துக்கொண்டு சிறு துப்பாக்கியின் உள்ளே சென்று வருவோம், வாருங்கள்.

கூடத்தில் பிறந்த தோட்டா

முதலில் சில பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதில் பித்தளை உறை, உறைக்குள் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பொருள், உறையின் வாயில் செருகிய ஈயக் குண்டு ஆகிய நான்கும் அடங்கும். பறந்து செல்வது குண்டு மட்டுமே. உறை துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

1845-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஃபுளோபேர் என்பவர் ஒரு சிறு வேலை செய்தார். அந்நாளில் துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கச் சிறிய செப்பு மூடிகளைப் பயன்படுத்துவார்கள். அடித்தால் தீப்பொறி கக்கும் மூடி அது. அவர் அந்த மூடியின் வாயிலேயே ஒரு சிறு ஈயக் குண்டைப் பொருத்திவிட்டார். தனியாக வெடிமருந்தே இல்லை. மூடியின் பொறியே குண்டைத் தள்ளியது. வசதி படைத்தவர்கள் தம் வீட்டுக் கூடத்தில் இலக்கு வைத்துச் சுட்டுப் பொழுதுபோக்க இது பயன்பட்டது.

1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதே கருத்தை வளர்த்து, சிறிது வெடிமருந்தையும் சேர்த்து 0.22 அங்குலத் தோட்டா ஒன்றை வெளியிட்டது. பிறகு 1887-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இன்னும் நீளமான ஒன்றை உருவாக்கியது. அதற்கு '.22 லாங் ரைபிள்' என்று பெயர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஓய்வு பெறவில்லை. பயிற்சிக்கும், போட்டிக்கும், பொழுதுபோக்குக்கும் உலகெங்கும் சுடப்படுவது இதுவே.

0.22 அங்குலம் என்பது 5.6 மில்லிமீட்டர். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ அவ்வளவுதான். உங்கள் பென்சிலை விடச் சற்று மெல்லியது.

இந்தத் தோட்டாவின் அடிப்பகுதியை உற்றுப் பார்த்தால் ஆணியின் தலைபோல ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பின் மடிப்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. டிரிக்கரை இழுத்ததும் ஓர் எஃகு முள் பாய்ந்து விளிம்பை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் பொறி எழுகிறது. வெடிமருந்து பற்றி எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. விளிம்பை நசுக்க வேண்டுமென்றால் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உறை மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. இந்தத் தோட்டாவின் வலிமைக்கு எல்லை போட்டது இந்த மடிப்புத்தான்.

பம்பரமும் குண்டும்

'ரைபிள்' என்று ஏன் பெயர் வந்தது? குழலின் உட்சுவரில் திருகாணியின் மரை போலச் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இவ்வாறு பள்ளம் வெட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ரைபிள் என்ற பெயர் பிறந்தது. குண்டு இப்பள்ளங்களில் பதிந்து, திருகிக்கொண்டே வெளியேறுகிறது.

.22 ரைபிள்களில் வழக்கமாகப் பள்ளம் 16 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றுச் சுற்றும். குண்டு வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 330-ஐ 0.4-ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 800 சுற்றுகள்! உங்கள் வகுப்பறை மின்விசிறி முழு வேகத்தில் சுழலும்போதும் வினாடிக்கு ஐந்தாறு சுற்றுகள்தாம் சுற்றும்.

இவ்வளவு சுழற்சி எதற்கு? சுற்றாத பம்பரத்தை ஆணியின் மேல் நிறுத்த முடியுமா? சாய்ந்து விழும். சாட்டையால் சுழற்றிவிட்டால் நிமிர்ந்து நிற்கிறது. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. சுழலாத நீண்ட குண்டு காற்றில் குட்டிக்கரணம் போடும். சுழலும் குண்டு மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு நேராகச் செல்லும்.

தோள் எவ்வளவு அறிகிறது?

இனி நமது கணக்குக்கு வருவோம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

.22 லாங் ரைபிள் குண்டின் நிறை 2.6 கிராம். வேகம் வினாடிக்கு 330 மீட்டர். துப்பாக்கியின் நிறை 2.5 கிலோகிராம் என்று கொள்வோம்.

சுடுவதற்கு முன் குண்டும் துப்பாக்கியும் அசையாமல் இருந்தன. மொத்த உந்தம் சுழி. சுட்ட பின்னும் மொத்த உந்தம் சுழியாகவே இருக்க வேண்டும். ஆகவே குண்டு முன்னே கொண்டு செல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னே கொண்டு வருகிறது. குண்டுடன் வெளியேறும் வாயுவுக்கும் உந்தம் உண்டு. ஆனால் இத்தோட்டாவில் மருந்து மிகக் குறைவு. கணக்கை எளிதாக்க அதை விட்டுவிடுவோம்.

குண்டின் உந்தம் = 0.0026 × 330 = 0.858 கிலோகிராம் மீட்டர்/வினாடி.

துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் = 0.858 ÷ 2.5 = வினாடிக்கு 0.34 மீட்டர்.

இது எவ்வளவு சிறிய வேகம்? அதே துப்பாக்கியை 6 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நழுவவிட்டால் தரையைத் தொடும்போது அதற்கு இந்த வேகம் இருக்கும். உங்கள் சுண்டுவிரலின் தடிமன்கூட இல்லாத உயரம்! தோள் ஏன் திடுக்கிடவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. இயக்க ஆற்றலைப் பார்ப்போம். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள்.

குண்டின் இயக்க ஆற்றல் = ½ × 0.0026 × 330 × 330 = ஏறத்தாழ 142 ஜூல்.

துப்பாக்கியின் இயக்க ஆற்றல் = ½ × 2.5 × 0.34 × 0.34 = ஏறத்தாழ 0.15 ஜூல்.

இரண்டையும் ஒப்பிடுங்கள். தோளுக்கு வந்தது குண்டு கொண்டு போனதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்! உந்தம் இருபுறமும் சமமாகப் பிரிந்தது. ஆற்றல் அப்படிப் பிரியவில்லை. லேசான பொருளே ஆற்றலின் பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது. நிறைகள் எந்த விகிதமோ, ஆற்றல்கள் அதற்குத் தலைகீழ் விகிதம். 2.6 கிராமுக்கும் 2,500 கிராமுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். அதுவும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுதான்.

142 ஜூல் என்றால் எவ்வளவு? 14 கிலோகிராம் அரிசியை ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல். அந்த அரிசிப் பையின் முழுத் தாக்குதலும் ஒரு பென்சில் முனையளவு இடத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தோள் உணர்ந்தது ஒரு விரல் தட்டல். இலக்கு பெற்றதோ அதைப்போல் ஆயிரம் மடங்கு.

பெரிய துப்பாக்கியோடு ஒப்பிட்டால்

முதல் உலகப்போரிலும் இரண்டாம் உலகப்போரிலும் இந்தியப் படைவீரர்கள் தூக்கிச் சென்றது .303 ரைபிள். அதன் குண்டு 11.3 கிராம். வேகம் வினாடிக்கு 744 மீட்டர். துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோகிராம். முன்போலவே கணக்கிட்டால் துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் வினாடிக்கு 2.1 மீட்டர். இது 22 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அது விழுவதற்குச் சமம். இதில் மருந்து மிகுதி ஆகையால், வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் உதை இன்னும் கூடும். தோளில் வந்து சேரும் ஆற்றல் .22-ஐப் போல் குறைந்தது அறுபது மடங்கு.

.303-ஐச் சுடும் ஒருவருக்கு அது ஆபத்தானது என்று எவரும் சொல்லத் தேவையில்லை. தோளே சொல்லிவிடும். .22 அப்படி எச்சரிப்பதில்லை. உதையும் ஓசையும் குறைவு என்பதாலேயே கற்றுக்கொள்பவர்களுக்கு இது ஏற்றது. கண்ணை மூடாமல், உடலை இறுக்காமல், மூச்சையும் குறியையும் கவனித்துப் பழகலாம். அதே காரணத்தாலேயே இதை அலட்சியமாகக் கையாளவும் மனம் துணிந்துவிடுகிறது. ஒரே குணம் நன்மையாகவும் தீமையாகவும் இருக்கிறது, பாருங்கள்.

எடை குறைந்தால் என்ன இழப்பு?

தோளில் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு லேசான துப்பாக்கிதான் பிடிக்கும். 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஏ.ஆர்.-7 என்ற .22 ரைபிளின் எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம்தான். குழலையும் மற்றப் பகுதிகளையும் கழற்றி, உள்ளீடற்ற கட்டைக்குள்ளேயே அடைத்து மூடிவிடலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். விமானம் காட்டில் விழுந்துவிட்டால் விமானி உயிர் பிழைக்க உதவ வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த வடிவம் அது.

இவ்வளவு எடையைக் குறைத்ததற்கு என்ன விலை? உதைதான் கூடிவிடுமோ என்று கேட்பீர்கள். கணக்கிட்டால் 6 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஆகிறது. அதுவும் சிறியதே. உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது.

ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் ரைபிள் இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு! துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று கொள்ளுங்கள். கட்டை அசையாமல் இருக்க, குழலின் முனை மட்டும் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 50 மீட்டர் தொலைவில் குறி எவ்வளவு விலகும்? ஒத்த முக்கோணங்களைக் கொண்டு கணக்கிடலாம். 0.1 × 50 = 5 மில்லிமீட்டர். நடுவில் இருந்த குறி வட்டத்தின் ஓரத்துக்கே போய்விட்டது! ஒரு காகிதத் தாளின் தடிமன் அளவு அசைவுக்கு இந்த விளைவு.

நம் இதயம் துடிக்கிறது, மூச்சு ஏறி இறங்குகிறது, தசை நடுங்குகிறது. லேசான பொருளை இவை எளிதில் ஆட்டிவிடும். கனமான பொருள் நிலைமம் மிகுந்தது. எளிதில் ஆடாது. ஆகவேதான் போட்டி வீரர்கள் கனத்த ரைபிளையே விரும்புகிறார்கள். அளவுக்கு மீறிப் போகாதபடி விதிகள் எல்லை போட்டிருக்கின்றன. 10 மீட்டர் காற்று ரைபிளுக்கு 5.5 கிலோகிராம் என்பது அத்தகைய ஓர் எல்லை.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். முழங்காலிட்டும், படுத்தும், நின்றும் மூன்று நிலைகளில் சுட வேண்டிய போட்டி அது. அவர் சுட்டதும் இதே .22 தோட்டாதான்.

ஒலியின் வேகத்துக்குக் கீழே

போட்டித் தோட்டாக்களை ஏன் இன்னும் வேகமாகச் செய்யக்கூடாது? காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஒலியை மிஞ்சிய வேகத்தில் புறப்படும் குண்டு, காற்றின் தடையால் மெதுவாகி வழியிலேயே ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே இறங்க நேரும். அந்த இடத்தில் குண்டின் மேல் காற்று செலுத்தும் விசைகள் திடீரென மாறுகின்றன. குண்டு தடுமாறுகிறது. தொடக்கத்திலேயே ஒலிக்குக் கீழே புறப்பட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் போட்டித் தோட்டாக்களின் வேகம் 330 மீட்டரை ஒட்டி இருக்கிறது.

காட்டுப்பூனைத் தோட்டாக்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி ஆர்வலர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. கடையில் கிடைக்கும் தோட்டாவோடு நிறைவடையாமல், ஒரு தோட்டாவின் உறையை எடுத்து, அதன் வடிவை மாற்றி, வேறு விட்டமுள்ள குண்டைப் பொருத்திப் புதிய தோட்டாவை உருவாக்குவார்கள். எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் இல்லாத இத்தகைய தோட்டாக்களுக்கு 'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில காட்டுப்பூனைகள் பின்னாளில் வீட்டுப்பூனைகள் ஆவதுண்டு. தொழிற்சாலைகளே அவற்றை ஏற்று விற்பனைக்குக் கொண்டுவரும்.

1920-களில் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையைச் சார்ந்த சில ஆர்வலர்கள் 1880-களின் பழைய கரிமருந்துத் தோட்டா ஒன்றின் உறையை எடுத்து, நவீன வெடிமருந்தோடு சோதித்தார்கள். 1930-இல் அது '.22 ஹார்னெட்' என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. ஹார்னெட் என்றால் குளவி. பொருத்தமான பெயர்! குண்டின் விட்டம் .22-தான். எடையும் ஏறத்தாழ அதுவே, 2.9 கிராம். ஆனால் வேகம் வினாடிக்கு 820 மீட்டர். வேகம் இரண்டரை மடங்கானால் ஆற்றல் எத்தனை மடங்காகும்? இருமடி விதியை நினைவில் கொள்ளுங்கள். எடையும் சற்றுக் கூடியிருப்பதால் ஏறத்தாழ ஏழு மடங்கு! 'பாயிண்ட் டூ டூ' என்ற பெயரை மட்டும் கேட்டு இரண்டும் ஒன்று என்று எண்ணுபவர் எவ்வளவு பெரிய தவறு செய்கிறார், பாருங்கள்.

இன்னொன்று இதைவிட வியப்பானது. 2002-இல் ஹார்னடி என்ற நிறுவனம், 1959-இல் பிறந்த .22 மாக்னம் தோட்டா உறையின் கழுத்தைக் குறுக்கி, 0.17 அங்குலக் குண்டைப் பொருத்தியது. குண்டின் நிறை வெறும் 1.1 கிராம். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 777 மீட்டர். உந்தத்தைக் கணக்கிடுங்கள்: 0.0011 × 777 = 0.855. நமது .22 லாங் ரைபிளின் உந்தம் எவ்வளவு? 0.858! இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே எடையுள்ள துப்பாக்கியிலிருந்து சுட்டால் குண்டினால் வரும் உதை இரண்டிலும் ஒன்றுதான்.

இப்போது ஆற்றலைப் பாருங்கள்: ½ × 0.0011 × 777 × 777 = ஏறத்தாழ 332 ஜூல். அது 142; இது 332. இரண்டு மடங்குக்கும் மேல்! தோளுக்கு வேறுபாடு தெரியவில்லை. இலக்குக்குத் தெரிகிறது. தோளை நம்பி வலிமையை அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

வாயுவின் சினம்

"உறையைக் குறுக்கிக் குண்டைச் செருகுவதுதானே, இதில் என்ன கடினம்?" என்று தோன்றலாம். இங்கேதான் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

.22 லாங் ரைபிளில் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,600 மடங்கு வரை உயரலாம் என்று அமெரிக்கத் தர விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. உங்கள் சைக்கிள் டயரில் இருப்பது மூன்று நான்கு மடங்குதான். சிறு துப்பாக்கியிலேயே இப்படி. அந்த அழுத்தத்தில் பொத்தான் அளவுகூட இல்லாத குண்டின் அடியில் 400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை ஒரு கணம் செயல்படுகிறது.

மேலும், வெடிமருந்துக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தம் கூடினால் அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். ஒன்றை ஒன்று தூண்டிவிடும் இரண்டு முரடர்களைப் போல! குண்டு முன்னேறி இடம் கொடுப்பதால்தான் இந்தச் சண்டை அடங்குகிறது. உறையின் கழுத்து சற்றே குறுகினாலும், குண்டு சற்றே இறுகினாலும் இந்தச் சமநிலை குலையும். சிறு மாற்றத்துக்கு அழுத்தம் சிறிதாக உயராது. பல மடங்கு பாய்ந்துவிடும். லேசாகச் செய்யப்பட்ட துப்பாக்கியில் எஃகும் குறைவு என்பதை மறந்துவிடாதீர்கள். உடையும் உலோகம் சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் மிக அருகில் இருக்கிறது.

ஆகவே தொழிற்சாலைகள் ஊகத்தை நம்புவதில்லை. கனமான சோதனைக் குழலில் தோட்டாவைப் பொருத்தி, ஆள் அருகில் நிற்காமல் சுட்டு, அழுத்தத்தை அளக்கிறார்கள். அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகங்கள் இதற்குப் பயன்படுகின்றன. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருப்பதும் இதே இனத்துப் படிகம்தான். ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை அது கோடாக வரைந்து காட்டிவிடும். நமது நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதும், செய்வதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இது வீட்டில் செய்து பார்க்கும் ஆராய்ச்சி அன்று.

குண்டு எங்கே நிற்கும்?

அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு. திறந்த வெளியில் பழைய தகர டப்பாக்களை வரிசையாக வைத்து .22-ஆல் சுடுவார்கள். குண்டு பட்ட தகரம் எழுப்பும் ஓசையை வைத்து 'பிளிங்கிங்' என்று அதற்குப் பெயர். விளையாட்டுப் போலத்தான் தோன்றும். ஆனால் டப்பாவைத் தப்பிய குண்டு எங்கே போகும்?

காற்றே இல்லாத இடத்தில் வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் சுட்டால் குண்டு 11 கிலோமீட்டர் செல்லும். உங்கள் எறிபொருள் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் தடை அதை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டராகக் குறைத்துவிடுகிறது. இன்னும் வேகமான வகைத் தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்றரை கிலோமீட்டரில் எத்தனை வீடுகள், எத்தனை வயல்கள், எத்தனை மனிதர்கள்! கல்லிலோ நீர்ப்பரப்பிலோ பட்டால் குண்டு தெறித்து எதிர்பாராத திசையில் பாயும். நீர்ப்பரப்பில் தட்டையான கல்லை எறிந்து தவளைப் பாய்ச்சல் விட்டிருப்பீர்கள் அல்லவா? அதே செயல்தான்.

ஆகவேதான் பயிற்சித் திடலில் இலக்குக்குப் பின்னே உயரமான மண்மேடு இருக்கும். குண்டு தன் 142 ஜூலையும் அந்த மண்ணில் கொட்டிவிட்டு அடங்கும். 'இலக்கு எது' என்று அறிவதோடு 'அதன் பின்னால் என்ன இருக்கிறது' என்றும் அறிந்த பிறகே சுட வேண்டும் என்பது முதல் விதி. குழலை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வைத்திருப்பதும், சுடும் கணம் வரை விரலை டிரிக்கரில் வைக்காதிருப்பதும், துப்பாக்கி வெறுமையானது என்று யார் சொன்னாலும் நம்பாதிருப்பதும் அடுத்த விதிகள். காதுக் காப்பும் அணிய வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பயிற்சித் திடலுக்கு அருகிலோ வேறெங்கோ சுடப்படாத தோட்டா ஒன்று கிடைத்தால் அதைக் கல்லால் தட்டாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். விளிம்பு நசுங்கினாலே பொறி எழும் என்று படித்தீர்கள் அல்லவா? குழல் இல்லாத இடத்தில் வெடித்தால் லேசான பித்தளை உறையே சிதறிப் பறந்து கண்ணைக் கெடுக்கும். பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

துப்பாக்கி இல்லாமலே இந்தக் கணக்கைச் சோதிக்கலாம். ஒரே அளவுள்ள, நன்றாக உருளும் இரண்டு பொம்மைக் கார்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் நாணயங்களை ஒட்டி, அதன் எடையை மற்றதைப் போல் மூன்று மடங்காக்குங்கள். கடைத் தராசு போதும். வழுவழுப்பான தரையில் இரண்டையும் பின்னோடு பின்னாக வைத்து, நடுவே பேனாவின் சுருள்வில்லை அழுத்திப் பிடியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிடுங்கள்.

லேசான கார் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். ஓடி நிற்கும் தொலைவு மூன்று மடங்காக இருக்குமா? அளந்து பாருங்கள். உராய்வு இரண்டையும் ஒரே விகிதத்தில் மெதுவாக்கினால், தொலைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஒன்பது மடங்கை ஒட்டி வர வேண்டும். சக்கரங்கள் ஒரே மாதிரி உருளாததால் ஏழோ எட்டோ வரலாம். பல முறை செய்து சராசரி எடுங்கள்.

அந்தக் கனமான கார்தான் துப்பாக்கி. லேசான கார்தான் குண்டு. மூன்று மடங்கு வேறுபாட்டுக்கே இப்படி என்றால், ஆயிரம் மடங்கு வேறுபாட்டுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முகாமில் சுட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்கும் நண்பரைச் சந்தித்தால் இந்த இரு கார்களையும் அவருக்குக் காட்டுங்கள். "உன் தோளுக்கு வந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு, மீதியை அந்த மண்மேட்டைப் போய்க் கேள்!" என்று சொல்லுங்கள்.